மருமகன் பெயரில் ஓர் ஆறு

"உங்க பேரைப் போட்டா சண்டையே வராதாம், உடா. மாமா சொல்றாரு."

"என் பேரா? இந்த வீட்டுல என் சொத்து ஒரு தலகாணி. ஆத்துக்கு நான் சொந்தக்காரனா?"

"அதான் காரணமாம். எதுவுமே இல்லாத ஆளு எதைத் தூக்கிட்டுப் போகப் போறான்னு கேக்குறாரு."

"அடேயப்பா, என்ன ஒரு மரியாதை! மருமகனைப் பாராட்டுறதுக்கு உங்க குலத்தை விட்டா ஆளே இல்ல."

"கோவமா?"

"கோவமெல்லாம் இல்ல, தெஸ். பேனாவைக் கொடு. கையெழுத்தாவது எனக்குன்னு ஒண்ணு இருக்கே."

இந்தப் பேச்சு எங்கள் அடுப்படியில் நடந்தது. நான் மரவள்ளிக்கிழங்கைக் கழுவிக்கொண்டிருந்தேன். நான் உடா என்று கூப்பிடும் என் கணவர் எரிசால் பக்கத்தில் உட்கார்ந்து தோலுரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கையைத் துடைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். அந்தச் சிரிப்பில் நான் இன்றுவரை ஒரு குறையும் கண்டுபிடிக்கவில்லை.

எங்களில் வீடும் வயலும் அம்மா வழியில் பெண்களுக்கு வரும். அவற்றைப் பற்றிய பேச்சை அம்மாவின் அண்ணன் தம்பிகள் பேசுவார்கள். கணவர் என்பவர் மாலையில் வந்து சேரும் மதிப்புக்குரிய விருந்தாளி. முட்டைத் தேநீர் முதலில் அவருக்குத்தான். வயல் விவகாரம் வந்தால் மட்டும் அவருக்குக் காது கேட்காது. இதில் யாருக்கும் வருத்தமில்லை. குலத்தலைவரான என் மாமா டத்துக் மாலேலோவே தம் மனைவியின் வீட்டில் காது கேட்காதவராகத்தான் இருந்தார்.

தலைநகரத்தில் அச்சடித்த மின் உரிம விண்ணப்பத்துக்கு எங்கள் வழக்கம் எட்டவில்லை. 'உரிமையாளர்' என்பதற்கு எதிரே அதில் ஒரே ஒரு கோடு போட்டிருந்தார்கள். எங்கள் குலத்துப் பெண்களோ ஒரு பேருந்து கொள்ளாது. எந்தப் பெண்ணின் பெயரை எழுதினாலும் மற்றவர்கள் அடுத்த பெருநாள்வரை முகம் கொடுக்கமாட்டார்கள். மாமா நாள்முழுக்க யோசித்து, யாருக்கும் பொறாமை வராத ஒரே பெயராக என் கணவரின் பெயரைக் கண்டுபிடித்தார். ஊரே அவருடைய புத்தியை மெச்சியது.

எங்கள் ஊர்த் தண்ணீர்ச் சக்கரம் அதற்கு முன்பு யாரையும் கேட்காமல்தான் சுற்றிக்கொண்டிருந்தது. எரிசால் லாரிப் பட்டறையில் வேலை கற்றவர். கல்யாணமான புதிதில், லாவே ஆறு குதித்து விழும் இடத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு வேகமா வந்து சும்மா போகுதே" என்றார். ஊரார் தோளில் சிமெண்டு மூட்டை ஏறியது. பழைய லாரியின் பற்சக்கரங்கள் வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்கூடத்தில் விளக்கு எரிந்தபோது இமாம் தொழுகையை மறந்து மேலே பார்த்தார். பிறகு நெல் அரைக்கும் இயந்திரம் வந்தது. என் அக்கா மர்னிஸின் ஐஸ் பெட்டி வந்தது. விற்பதற்காக நான் கையால் சீவிய கிழங்கை இயந்திரம் சீவ ஆரம்பித்தது.

கெடுதல் ஒரு பாராட்டு விழாவில் தொடங்கியது.

பாடாங்கில் 'சிறு நீர்மின் ஒழுங்கமைவுப் பிரிவு' என்று ஒன்று இருக்கிறது. அதன் தலைவர் பாக் குஸ்னாடி (பெரியவர்களை நாங்கள் 'பாக்', ஐயா, என்போம்) எங்கள் ஊருக்கு வந்து, சக்கரத்தைத் தட்டிப் பார்த்து, கண் கலங்கி, 'முன்மாதிரிக் கிராமம்' என்று எழுதிய கண்ணாடிக் கேடயம் ஒன்றைக் கொடுத்தார். எங்களோடு நின்று படம் எடுத்துக்கொண்டார். அந்தப் படத்தைக் கோப்பில் வைக்கும்போதுதான் இப்படியொரு சக்கரத்துக்கு உரிமமே இல்லை என்பது பிரிவுக்குத் தெரிந்தது. கேடயத்தில் ஒட்டியிருந்த விலைச்சீட்டு காய்ந்து உதிர்வதற்குள் எச்சரிக்கை வந்துவிட்டது. உரிமம் வாங்கவேண்டும், இல்லையேல் சக்கரத்தை நிறுத்தவேண்டும்.

"பரிசு குடுத்ததும் நீங்க, திருட்டுன்னு சொல்றதும் நீங்களா?" என்று மாமா தொலைபேசியில் கேட்டார்.

"பரிசு வேற பிரிவு, டத்துக்," என்றார் பாக் குஸ்னாடி. "ரெண்டுக்கும் நானே தலைவர். ஆனா ஒரு பிரிவு செய்யறது இன்னொண்ணுக்குத் தெரியக்கூடாது. அதுதான் நேர்மை."

இப்படித்தான் எரிசால் விண்ணப்பத்தோடு பாடாங்குக்குப் பேருந்து ஏறினார். மறுநாள் திரும்பிவிடுவதாகச் சொன்னார். நான் தாளித்த நெத்திலியும் சோறும் கட்டிக் கொடுத்தேன்.

அங்கே, மின் உரிமம் வேண்டுமென்றால் முதலில் நீர் உரிமம் வேண்டுமாம். நீர் உரிமம் கொடுக்கும் சன்னலில் மின் உரிமத்தைக் காட்டச் சொன்னார்களாம். இரண்டு சன்னலுக்கும் இடையே ஒரு பெஞ்சு இருந்தது. அதில் பல ஊர்க்காரர்கள் குடியிருந்தார்கள். தலைமுடி வளர்ந்து, பெஞ்சிலேயே வெட்டிக்கொண்டவர்களும் உண்டு. சுலாவேசியிலிருந்து வந்த ஒருவர் தம் ஆறு வற்றிய சேதியைப் பெஞ்சில்தான் கேட்டாராம். 'அப்படியென்றால் நீர் இல்லாததற்குச் சான்று கொண்டுவாருங்கள்' என்று சன்னல் சொன்னதாம்.

எரிசால் லாரியையே பிரித்துப் போட்டு மாட்டியவர். இரண்டு சன்னலும் எப்படி ஒன்றோடொன்று கோத்திருக்கின்றன என்பதை அவர் கண்டுபிடித்துவிட்டார். பெஞ்சுக்காரர்களுக்கு எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். எழுத்தர்கள் அவரிடம் சந்தேகம் கேட்டார்கள். பெஞ்சின் அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டார்கள். பிறகு காக்கிச் சட்டை கொடுத்தார்கள். அதிகாரியா என்றால் அதுவும் இல்லை. அதிகாரிகள் உரிமம் கேட்கக்கூடாது. அதனால் அவருக்கு 'உடனிருக்கும் ஆலோசகர்' என்று பெயர் வைத்தார்கள். என்னோடு உடனிருப்பது மட்டும் நின்றுபோனது.

ஆரம்பத்தில் தினமும் பேசினார்.

"சாப்பிட்டீங்களா, உடா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. எப்ப வர்றீங்க?"

"சன்னல் ரெண்டும் ஒரே நாள்ல திறக்கணும், தெஸ். அதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

சில மாதங்களில் அவர் பேச்சு மாறியது.

"சாப்பிட்டீங்களா?"

"மதிய உணவு நிறைவேற்றப்பட்டது."

"உடம்பு நல்லாருக்கா?"

"குறிப்பிடத்தக்க புகார் எதுவும் இல்லை."

"உடா, நான் தெஸ் பேசுறேன்."

"ஆமா ஆமா," என்றார், தூக்கத்திலிருந்து எழுந்தவர்போல. பின்னால் ஒரு பெண் குரல் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டது. அலுவலகச் சமையல்காரி என்றார். ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் உண்டா என்று நான் கேட்கவில்லை.

கேட்கவேண்டியது ஒன்று என்னிடம் இருந்தது. ஒவ்வொரு தடவையும் அது தொண்டைவரை வந்து நிற்கும். நான் கிழங்கு விலையைச் சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். எங்களில் போன கணவரிடம் பெண் எதையும் கேட்பதில்லை. மாலையானால் அவராக வரவேண்டும்.

"கேட்டுத் தொலையேண்டி," என்பாள் மர்னிஸ் உனி, என் அக்கா. "வாங்கன்னு ஒரு வார்த்தை. வாயில கொழுக்கட்டையா இருக்கு?"

"முதல்ல உரிமம் வரட்டும் உனி. சக்கரம் நின்னுடுச்சுன்னா எல்லாரும் என்னைத்தான் கேப்பாங்க."

"அவனை நம்பித்தானே பேரைப் போட்டோம்."

"அவர்கிட்ட ஒண்ணும் இல்லங்கிறதை நம்பிப் போட்டோம்," என்றேன்.

அடுத்த மழைக்காலத்தில் சோதனைக்கு ஆள் வருவதாகத் தகவல் வந்தது. உரிமம் பெறாத சக்கரம் சோதனை நடக்கும்போது ஓடக்கூடாதாம். அது சட்டமீறலாம். மாமா மதகை அடைத்தார். ஊர் இருண்டது. மர்னிஸின் ஐஸ் கரைந்து தெருவில் ஓடியது.

பாக் குஸ்னாடி குடையோடு வந்தார். பின்னால் மூன்று பேர். மூன்றாவது ஆள் என் கணவர். சட்டை கத்திபோல மடிப்புக் கலையாமல் இருந்தது.

"யார் இஸ்திரி போடுறாங்க?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"அது அலுவலக ஏற்பாடு," என்றார், என்னைப் பார்க்காமல்.

பாக் குஸ்னாடி நின்றுகிடந்த சக்கரத்தில் ஒரு கருவியை வைத்தார். "இப்ப எவ்வளவு மின்சாரம் வருது?"

"இப்ப வரலைங்க, பாக்," என்றார் மாமா. "நீங்கதான் நிறுத்தச் சொன்னீங்க."

"காரணம் கேக்கல, டத்துக். அளவு கேட்டேன்."

"ஒண்ணுமில்ல."

"பூஜ்யம்," என்றார் பாக் குஸ்னாடி, எழுதிக்கொண்டவரிடம். எழுதிக்கொண்டவர் என் கணவர்.

"மதகைத் திறந்து காட்டட்டுமா, பாக்? ஒரு நிமிஷம்தான்," என்றேன்.

"என் கண் முன்னாடியே குத்தம் பண்றேங்கிறீங்களா, அம்மா? நான் பாத்துட்டா நடவடிக்கை எடுக்கணும். பாக்காம இருக்கத்தானே இவ்வளவு தூரம் வந்திருக்கேன்."

ஆற்றில் மீன் உண்டா என்று பிறகு விசாரித்தார். உண்டு என்றோம். மீன்களின் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்றார். மாமா ஆற்றை எட்டிப் பார்த்தார். என் கணவர் முன்னால் வந்து, "ஆட்சேபணை எதுவும் பெறப்படவில்லை என்று போட்டுக்கொள்ளலாம்," என்றார். பாக் குஸ்னாடி அவர் தோளில் தட்டிக்கொடுத்தார். "இவரை மாதிரி ஒரு ஆளை இந்த ஆறு இத்தனை வருஷமா ஒளிச்சு வெச்சிருந்திருக்கு!"

மதியம் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார்கள். எரிசாலுக்குப் பிடிக்கும் என்று பலாக்காய்க் கறி வைத்திருந்தேன். அவர் தட்டில் மூன்று தடவை போட்டுக்கொண்டார். போகும்போது வாசலில் ஒரு நொடி நின்றார்.

"கவலைப்படாதே தெஸ். பூஜ்யம்னு எழுதினது நடைமுறை. அதுக்கு அர்த்தம் கிடையாது."

அர்த்தம் இருந்தது. பூஜ்யம் மின்சாரம் தரும் ஆறு சும்மா கிடக்கும் ஆறு. சும்மா கிடக்கும் ஆற்றை முதலில் விண்ணப்பித்த உள்ளூர்க்காரருக்கு முழுதாகக் கொடுத்துவிடலாம்.

உரிமம் வந்த சேதியைத் தொழுகைக்கூடத்து ஒலிபெருக்கியில் சொன்னார்கள். மாமா இரண்டு ஆடு அறுத்தார். மர்னிஸ் என்னைக் கட்டிக்கொண்டாள். "உன் புருஷன் சாதிச்சுட்டான்டி! இனிமே அவனுக்கு ரெண்டு தலகாணி!" நான் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குப் புது உடை உடுத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தேன். மாலைப் பேருந்து வந்தது. அவர் வரவில்லை. நில அளவைக்காரர்கள் இறங்கினார்கள்.

அருவியிலிருந்து சந்தைவரை சிவப்புக் கொடிக் கம்புகளை நட்டுக்கொண்டே போனார்கள். எங்கள் சக்கரத்தருகே வந்ததும் ஒருவர் கத்தினார். "இது யாரோடது? உரிமக்காரர் ஆத்துல யாரோ ஆக்கிரமிச்சிருக்காங்க!"

நான் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"உடா, நம்ம சக்கரத்தை எடுக்கச் சொல்றாங்க."

"எடுக்கச் சொல்லல. இடமாற்றத்துக்கு உட்பட்டது."

"எங்க மாத்துறது?"

"ஆறு தவிர எங்க வேணும்னாலும்."

"அது தண்ணிச் சக்கரம், உடா. நீங்க கட்டினது."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, "கூட்டாளிக் கம்பெனி பெரிய அணை கட்டப் போகுது, தெஸ். குழாயில எல்லாத் தண்ணியும் போகும். நகரத்துக்கு மின்சாரம். உரிமம் என் பேர்ல இருக்கறதால எனக்கு அதுல ஒரு இடம் உண்டு. உங்க வீட்டுல யாராவது எனக்கு எதையாவது ஒண்ணு குடுத்திருக்கீங்களா?" என்றார்.

அவர் இதைக் கோபமாகச் சொல்லியிருந்தால் நான் பதிலுக்குக் கத்தியிருப்பேன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்ட அன்று பேசிய அதே குரலில்தான் சொன்னார்.

"ஊருக்கு விளக்கு?" என்றேன்.

"இணைப்புக்கு விண்ணப்பிக்கலாம்," என்றார்.

கடைசியாக மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. கருத்து என்ன என்பதை அச்சடித்தே கொண்டுவந்திருந்தார்கள். நாங்கள் கேட்டால் போதும். மேடையில் பாக் குஸ்னாடி, கம்பெனிக்காரர் ஒருவர், ஓரத்தில் குறிப்பெடுக்கும் நாற்காலியில் என் கணவர்.

"சகோதர சகோதரிகளே!" என்றார் பாக் குஸ்னாடி. "அரசாங்கம் மக்களிடமிருந்து ஆற்றைப் பிடுங்குகிறது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு வலிக்கிறது. நாங்கள் பிடுங்கவில்லை. மக்களில் ஒருவரிடம் கொடுத்திருக்கிறோம். எல்லாரிடமும் கொடுத்தால் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கவேண்டும். அது மக்களுக்குத்தான் சிரமம். நாங்கள் இருப்பது உங்கள் சிரமத்தைக் குறைக்க. இந்த ஊரில் இதுவரை உரிமம் இல்லாமல் வெளிச்சம் இருந்தது. இனிமேல் உரிமம் இருக்கும்."

கம்பெனிக்காரர் கைதட்டினார்.

மாமா எழுந்தார். "அந்தப் பேரைப் போட்டது நாங்க, பாக். சக்கரத்துக்காகப் போட்டோம். ஆத்தைக் குடுக்கல."

"போட்டது நீங்கதானே, டத்துக்? யாராவது கையைப் பிடிச்சாங்களா? அரசாங்கம் உங்க மருமகனை நம்புது. நீங்க நம்பாதது எனக்கு அவமானமா இருக்கு."

மாமா உட்கார்ந்தார். அவர் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அக்காள் தங்கைகளின் வயல்களுக்காக ஊர் ஊராகப் போய் வாதாடியவர், பள்ளிப் பெஞ்சில் முழங்காலைக் கையால் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

நான் எழுந்தேன். "ஒரு சந்தேகம், பாக். கம்பெனி வெளியூர். அவங்களுக்கு எப்படி எங்க ஆத்துல உரிமம் குடுத்தீங்க?"

"நல்ல கேள்வி!" பாக் குஸ்னாடிக்கு முகம் மலர்ந்தது. "கம்பெனிக்குக் குடுக்கவே முடியாது, அம்மா. இந்தச் சட்டம் மண்ணின் மக்களுக்காக எழுதினது. நானும் குழுவில் இருந்தேன். உரிமம் உள்ளூர்க்காரர் பேர்லயே இருக்கும். கம்பெனி அவருக்கு உதவி பண்ணும், அவ்வளவுதான். அவர் உள்ளூர்க்காரரா இருக்கறவரைக்கும்தான் உரிமம். ஒரு நாள் இல்லாம போனாலும் நானே என் கையால ரத்து பண்ணிடுவேன். அவ்வளவு கறார்!"

"இவர் சோலோக் பக்கத்து ஆளு, பாக். இங்க உள்ளூர்க்காரர் எப்படி ஆனாரு?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க?" பாக் குஸ்னாடி சபையைப் பார்த்துச் சிரித்தார். "உங்க கணவர்ங்கறதாலதான்! அதை உங்க மாமாவே சாட்சி சொல்லியிருக்காரு. சட்டம் உங்க வழக்கத்தை எவ்வளவு மதிக்குது பாத்தீங்களா?"

என் கணவர் எழுதுவதை நிறுத்திவிட்டார். கூட்டத்தில் அவருக்குத்தான் முதலில் புரிந்தது. சன்னல்கள் எப்படிக் கோத்திருக்கின்றன என்று பார்க்கத் தெரிந்தவர் அல்லவா.

"தெஸ்," என்றார். மேடையிலிருந்து அதுவரை அவர் என்னைப் பெயர் சொல்லி அழைக்கவில்லை. "தெஸ், நாம வீட்டுல போய்ப் பேசிக்கலாம்."

எத்தனை மாலைகள் அந்தச் சொல்லுக்காக வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. மர்னிஸ் என் கையைக் கிள்ளினாள். அவள் கண்ணில் தண்ணீர். "அவனே சொல்லிட்டான்டி. இப்பவாவது வாயைத் திற. கேளு."

"ஏதாவது கோரிக்கை இருந்தா சொல்லுங்க அம்மா, பதிவு பண்ணிக்கறோம்," என்றார் பாக் குஸ்னாடி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

பலாக்காய்க் கறியைச் சாப்பிட்டுவிட்டு 'அதுக்கு அர்த்தம் கிடையாது' என்று கிளம்பிப் போனவரின் முதுகைப் பார்த்தபோதே அது வாய்வரை வந்திருந்தது. அதற்கும் முன்னால், ஞாயிற்றுக்கிழமை அலுவலகத்தில் ஒரு பெண் சாப்பிடக் கூப்பிட்ட அன்று அது பிறந்தது. ஊருக்கு விளக்கு வேண்டும் என்று விழுங்கினேன். அக்கா நினைத்தது வேறு. நான் விழுங்கியது வேறு. இப்போது ஊர் விளக்குக்காகவே அதைச் சொல்லவேண்டியிருந்தது. சொன்னபோது என் குரல் உடைந்துவிட்டதை மட்டும் என்னால் தடுக்க முடியவில்லை.

"உடா," என்றேன், "எனக்குத் தலாக் குடுத்துடுங்க."